நாலு விரல் இறக்கம்

தினம் ஆபீஸுக்கு ஓட்டிப்போன பைக்கை நாளைய பந்தயத்துக்காக உரித்துக்கொண்டிருந்தார்கள், அவனும் அவன் மச்சினனும். கண்ணாடி, ஹெட்லைட், நம்பர் பிளேட் எல்லாம் போயாயிற்று. பின்சீட்டையும், பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பிகளையும் காலையிலேயே கழற்றி மூலையில் போட்டாயிற்று.

ஆள் ஏறினால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்ற ஸ்பிரிங் அளவு மட்டும்தான் மிச்சம். முன்சக்கரத்தைத் தாங்கியில் செருகிவிட்டு, ஹெல்மெட்டும் பூட்ஸுமாக அவன் ஏறி உட்கார்ந்தான். மச்சினன் பின்னால் குனிந்து அளந்தான்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு விரல்தான் இறங்கணும் மாமா. இது நாலு இறங்குது. அப்படி என்னத்த சாப்பிட்டீங்க?”

“உங்க அக்கா சமையல்ல எடை வேற கூடுமாடா? ஸ்பிரிங்கை இறுக்கு.”

இறுக்கினான். மறுபடியும் நாலு.

“சரி, இறங்குங்க.”

அவன் இறங்கினான். வண்டி பாதிதான் எழும்பியது.

மச்சினன் மறுபடி அளந்தான். ஆளே இல்லாமல் ரெண்டு விரல் இறக்கம். பிறகு மூலைக்குப் போய், அந்தக் கால் கம்பிகளை எடுத்துவந்து, திரும்ப மாட்ட ஆரம்பித்தான்.

“என்னடா பண்றே? ரேஸ்ல இதோட விடமாட்டாங்கடா.”

மச்சினன் நிமிரவில்லை.

“அவ்ளோ வேகத்துல, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு பின்னாடி அது எப்படி மாமா உக்காந்திருக்கும்?”