நீலக் கடை

"இந்தப் படத்தை எங்க கம்பெனி வெப்சைட் முகப்புல போடணும்க்கா. தெருவுல இருக்கிற பெட்டிக்கடையை எல்லாம் அழிச்சிட்டு மரம் வை," என்றான் தம்பி பாரிமா.

கானாவின் குமாசி நகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அவன் அப்போதுதான் சேர்ந்திருந்தான். செர்வா ஃபோட்டோஷாப்பில் கடைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அம்மா கென்கி என்ற சோள உருண்டை விற்கும் நீலக் கடையை மட்டும் விட்டுவைத்து, நிறத்தைப் பளிச்சென்று கூட்டினாள். பக்கம் சட்டென்று திறக்கும்படி படத்தின் அளவைக் குறைத்து அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

"அதை ஏன்க்கா விட்டே?"

"அம்மா கடைடா! பார்த்தா பூரிச்சுப் போயிடுவாங்க."



"படத்துல அழிச்சதை எல்லாம் திங்கட்கிழமை இடிக்கப் போறாங்கக்கா. அம்மா என் பேர்ல எழுதின அந்த நீலக் கடை இடத்தையும் நான் கம்பெனிக்கே வித்துட்டேன்."



"அம்மாவுக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா. அதையும் நீயே பக்குவமாச் சொல்லிடு."