பாலத்துக்கு வர வேண்டியவர்

சங்கிலியை விமலாதேவியின் இடுப்பில் சுற்றிப் பூட்டிவிட்டு, திறப்பையும் கையோடு கொண்டு போய்விட்டார் அந்த வெள்ளைக்கார அம்மா.

விமலா யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஐந்து மாதம்தான். இப்போது ஒரு ரயில் பாலத்தின் கைப்பிடிக் கம்பியோடு சேலையுடன் பிணைந்து நின்றாள்.

மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே பதினொரு கல்வளைவுகள் மேல் நிற்கும் பாலம். விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டியது. பத்து வருடமாக ரயில் ஓடவில்லை.

அதை இடிக்க விடமாட்டேன் என்று, மார்கரெட் என்ற அந்த அம்மா நான்கு நாளாகத் தன்னைப் பூட்டிக்கொண்டு நின்றார். இன்று வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டும், இடம் காலியாக இருக்கக் கூடாது, பத்து நிமிடம் நிற்க முடியுமா என்று கேட்டார்.

மறுத்துச் சொல்லும் அளவுக்கு விமலாவிடம் ஆங்கிலம் இருக்கவில்லை.

பாலத்தின் அடியைப் பார்க்கப் போன கணவர் மேலே ஏறி வந்து திகைத்துப்போனார்.

"திறப்பு எங்கை?"

"அவ கொண்டு போட்டா. கத்தாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லிப்போட்டன், பாவம் மனிசி."

பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. புட்டுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

அப்போது ஒரு பொலிஸ்காரர் வந்தார். புட்டையும் சங்கிலியையும் மாறிமாறிப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு ரயில்வே பொறியியலாளர் வருகிறார், அவர் கையெழுத்து வைத்தால் திங்கட்கிழமை இடிப்பு, போராட்டக்காரர் விலக வேண்டும் என்றார். அந்தப் பொறியியலாளரைக் கண்டீர்களா என்றும் கேட்டார்.

கணவர் வாயைத் திறந்தார்.

விமலா அவரைப் பார்த்தாள்.

காணவில்லை என்றார் கணவர்.

மூவரும் காத்திருந்தார்கள். பொலிஸ்காரரும் புட்டுச் சாப்பிட்டார்.

மூன்றரைக்கு மார்கரெட் வந்தார். குளித்து, தலைசீவி, கேக் ஒன்றும் சுட்டு எடுத்துக்கொண்டு. விமலாவை அவிழ்த்துவிட்டுத் தன்னைப் பூட்டிக்கொண்டார்.

நான்கரைக்குப் பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். வராமல் போன பொறியியலாளரின் பெயரை எழுத வேண்டும். தொலைபேசியில் கேட்டதில் பாதிதான் நினைவில் இருந்தது. 'ஆனந்' வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார்.

விமலாவின் கணவர் பக்கத்தில் போய், மீதியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

தன் பெயரை இந்த நாட்டில் இவ்வளவு பொறுமையாக அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.