கட்டிலில் ஒரு நர்ஸ்

தாம்பரத்துத் தண்டவாளத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில், காலரா வார்டின் தரை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் நனைந்து மதிய வெயிலில் மினுங்குகிறது. காலையில் நோயாளிகளுக்கு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் அமலராணி, இப்போது அதே வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். கண்கள் குழிந்துவிட்டன, வெள்ளைச் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவள் கையில் ஊசியை ஏற்றிவிட்டு, சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள் சக நர்ஸ் ஞானசௌந்தரி. மாட்டுவதற்கு ஸ்டாண்ட் ஒன்றுகூட மிச்சமில்லை. நாலு பேர் பார்க்கவேண்டிய வார்டை இவர்கள் இரண்டு பேர்தான் இத்தனை நாளாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடரில் வெடித்த ஞானசௌந்தரியின் விரல்கள் எரிகின்றன. "அக்கா, எதிர்க் கட்டில் பாட்டில் தீரப்போகுது, பாருங்க," என்று முனகுகிறாள் அமலராணி. "நீ பேசாம படு." மின்சார ரயில் கடக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேட்ரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலருகே வருகிறார். "நைட் டூட்டிக்கு ஆளே இல்ல. சாயங்காலத்துக்குள்ள இவ எழுந்துடுவாளா?" ஞானசௌந்தரி அவர் பக்கம் திரும்புகிறாள். "இதக் கொஞ்சம் பிடிங்க மேடம்." பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு எதிர்க் கட்டிலுக்கு நடக்கிறாள். கைக்குட்டை நழுவி ஈரத்தில் விழுகிறது. கீழே இறக்கவும் முடியாமல், கைக்குட்டையை எடுக்கக் குனியவும் முடியாமல், பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார் மேட்ரன்.