அரிசோனாவிலிருந்து ஒரு மகள்

தாழ்ப்பாள் தெறித்துக் கதவு உள்ளே விழுந்தபோது, கிழவர் சமையலறையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ ஐஸ் ஹாக்கி வர்ணனையை அலறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் தட்டியது ஏன் கேட்கவில்லை என்று போலீஸ்காரன் ட்ராவிஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

கிழவர் ரேடியோவை அணைத்தார்.

"வாரண்ட் எங்கய்யா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே சார்? உயிருக்கு ஆபத்துன்னு தகவல் வந்தா வாரண்ட் இல்லாமலே நுழையலாம். வாசல்ல மூணு நாள் பனி அள்ளாம கிடக்கு. ஒரு காலடிகூட இல்ல."

"பனி அள்ளலன்னா கதவை ஒடைப்பியா? கோர்ட்டுல போய் இந்த அர்விட்னா யாருன்னு கேட்டுப் பாரு. முப்பது வருஷம் குமாஸ்தா. ஜட்ஜுகிட்ட வாரண்ட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குனவன்கிட்டயே சட்டம் பேசறியா? உன் பேரைச் சொல்லு, நம்பரைச் சொல்லு." பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

போன மாதம்தான் ட்ராவிஸ் இதே மாதிரி ஒரு வீட்டுக்குள் புகுந்து புகார் வாங்கியிருந்தான். இன்னொன்று வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"நானா வரல சார். உங்க பொண்ணுதான் போன் பண்ணிச்சு."

கிழவரின் கை பாதியில் நின்றது.

"பொண்ணா?"

"ஆமா, அரிசோனாவுலேர்ந்து. மூணு நாளா அப்பா போனை எடுக்கலன்னு ஒரே அழுகையாம்."

"அழுதாளாமா?" குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு தம்பி. காபி குடி. வேற என்ன சொன்னா?"

ட்ராவிஸ் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். பிடித்த மீன்களைத் தூக்கிக் காட்டியபடி கிழவர் நிற்கும் படங்கள், ஒரு நாயின் படம். மகளின் படம் ஒன்றுகூட இல்லை. பெரிய மனஸ்தாபம் போலிருக்கிறது, பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவனும் தன் அப்பாவோடு பேசி நாலு வருஷமாகிறது.

"'அப்பா'ன்னு சொன்னாளா?" கிழவர் விடவில்லை.

அந்தப் போனை எடுத்தவள் ஸ்டேஷனில் இருக்கும் பெண். ட்ராவிஸுக்கு வயர்லெஸ்ஸில் வந்தது ஒரு முகவரியும் இரண்டு வரியும்தான். இருந்தாலும் மனசு கேட்காமல் கொஞ்சம் சேர்த்தே சொன்னான்.

"ஆமா சார். 'எங்கப்பாவை விட்டா எனக்கு யாருமில்ல, சீக்கிரம் போய்ப் பாருங்க'ன்னு கெஞ்சிச்சாம்."

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

அவன் இன்னொரு தரம் சொன்னான். கிழவர் அவன் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினார்.

"புகாரெல்லாம் ஒண்ணும் குடுக்கல, போ. கதவை நானே பாத்துக்கறேன்" என்று எழுந்தார். "அப்பா நல்லா இருக்காருன்னு அவகிட்ட சொல்லிடச் சொல்லு."

தப்பித்தோம் என்று ட்ராவிஸ் காரில் ஏறியதும் ஸ்டேஷன் பெண் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? நான் சொன்னது நாலாவது தெரு கிழக்கு, நானூத்திப் பன்னெண்டு. உன் வண்டி மேற்குல அதே நம்பர் வீட்டு வாசல்ல நிக்குதுன்னு காட்டுது! இந்த ஊர்லயே பொறந்து வளந்துட்டு கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியலியா உனக்கு? நல்லவேளை, வேற வண்டி போயிடுச்சு. அந்தப் பெரியவரு போனைச் சார்ஜுல போட மறந்துட்டாராம், அவ்வளவுதான். பொண்ணுகிட்ட பேசிட்டாரு."

ட்ராவிஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இப்படியே வண்டியைக் கிளப்பினால் யாருக்கும் தெரியாது, வேலையும் பிழைக்கும். ஆனால் சாயங்காலம் கிழவர் ஆசையாக மகளுக்குப் போன் போடுவாரே? 'நான் எப்போ அழுதேன்?' என்று அவள் கேட்டுவிட்டால் மனிதர் தாங்குவாரா?

இறங்கித் திரும்பி நடந்தான். பனி மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. கிழவர் விழுந்த கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார், நான் வீடு மாறி வந்துட்டேன். போன் பண்ணினது உங்க பொண்ணு இல்ல. நீங்க தாராளமா புகார் குடுங்க."

கிழவர் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவன் தோளில் படிந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டார்.

"தெரியும் தம்பி, எனக்கு ஏது பொண்ணு?"