தம்பியின் பங்கு

மலாவி நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் பாலர் கூடத்து மாமரத்தடியில் சோளக்கஞ்சி கொதித்து மணக்கிறது. வீட்டுக் குவளைகளோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தாயில்லாத டவீனா தினமும் பாதிக் கஞ்சியைத் துணியால் மூடி, காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்கு எடுத்துப்போவாள். கஞ்சி ஊற்றும் நாபிரியும் கண்டும் காணாததுபோல் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள். இன்றும் கைப்பழக்கத்தில் ஊற்றுகிறாள். பச்சைக் குவளை நிரம்பி டவீனாவின் விரல்களில் வழிகிறது.

"எதுக்கு அத்தை இவ்ளோ? இன்னிக்கு எனக்கு மட்டும் போதும்."

நாபிரியின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. "தம்பி எங்கடி?"

டவீனா சற்று விலகுகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், இலைகளினூடே விழும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் முகத்தைவிடப் பெரிய தகரக் குவளையை இரண்டு கையாலும் நீட்டியபடி நிற்கிறான் தம்பி.