கரடியார் வாங்கிய எந்திரம்

கரடியார் காட்டில் தேன் கடை வைத்திருந்தார். வேலைக்கு ஓர் அணில் மட்டும்தான். ஆனாலும் பெரிய கம்பெனிகளைப் போல, முகம் பார்த்து வருகை பதியும் எந்திரம் ஒன்றை வாங்கினார். பூஜை போட்டு, அதன் கண்ணாடிக் கண்ணிலேயே பெரிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் காலையில் அணில் எந்திரத்தின் முன் போய் நின்றது.

“அணில் வரவில்லை” என்றது எந்திரம்.

“முதலாளி, பொட்டு அதோட கண்ணை மறைக்குது. துடைச்சிடட்டுமா?”

“பூஜை போட்ட பொட்டைத் துடைப்பியா? வேலைக்கும் வராம வாய் வேறயா! இன்னிக்கு உனக்குக் கூலி கிடையாது.”

“உங்க எதிர்லதானே நிக்கிறேன்!”

“நான் பார்த்தா போதுமா? எந்திரம் பார்க்கணும்டா.”

தேன் வாங்க வந்த பக்கத்துக் கடை முயல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. “அணிலு, என் கடைக்கு வந்துடு. நான் கண்ணாலேயே பார்த்துக்கிறேன்” என்றது. அணில் அப்போதே அதனுடன் கிளம்பிவிட்டது.

கரடியாருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. “யாராவது வெளியே போனாங்களா?” என்று எந்திரத்தைக் கேட்டார்.

“யாரும் போகவில்லை.”

“அதானே!” என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார் கரடியார். “அணிலு, ரெண்டு குடம் தேன் எடுத்து வை!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.