சுத்தமான ரத்தம்

“பத்தே முக்காலுக்கு ஆய்வுக்கு டாக்டரம்மா வந்துருவாங்க. அதுக்குள்ள குளிக்கிற ரூமைக் கண்டுபிடிங்கய்யா!” என்று கத்தினார் சூப்பர்வைசர்.

அப்போது மணி ஒன்பது இருபது.

பேட்டரி தொழிற்சாலையின் பின்பக்கம் மூன்று வருடமாக அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை ஆட்கள் இறக்கினார்கள். உள்ளே லேபிள்கள். ‘இதைக் குப்பையில் போடாதீர்கள்’ என்று ஒவ்வொரு பேட்டரியிலும் ஒட்ட வேண்டியவை.

“இதை எங்கண்ணே வைக்கிறது?”

“குப்பைல போடு.”

பெட்டிகளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு கதவு. கதவில் ‘தொழிலாளர் குளியலறை’ என்ற பலகை.

“அட, நமக்குன்னு இப்படி ஒண்ணு இருக்கா!” என்றான் ஈயம் உருக்குகிறவன். எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். “தெரியாமப் போச்சே. இத்தனை வருஷமா ஈயத் தூசியோடயே வீட்டுக்குப் போயிட்டிருந்தோம்.”

“ஏன், உன் வீட்ல தண்ணி வராதா?” என்ற சூப்பர்வைசர், இன்னொருவரிடம் திரும்பினார். “சோப்பை நனைச்சு நாலு தேய் தேய்ச்சு வைய்யா. புத்தம் புதுசா இருந்தா சந்தேகப்படுவாங்க.”

வாசலில் வேன் வந்து நின்றது. முதலாளி வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் இறங்கியது. தொழிலாளர்களின் உடுப்பை இங்கேயே துவைக்க வேண்டும் என்ற விதிக்காக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து முதலாளி வீட்டில்தான் விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கூடவே முதலாளியம்மாவின் உத்தரவும் வந்தது: சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், துணி ஊறிக்கொண்டிருக்கிறது.

முதலாளி, சூப்பர்வைசரைத் தனியே அழைத்தார்.

“இன்னைக்கு உரிமத்தைப் புதுப்பிச்சுட்டா நாளைக்கு நீதான் மேனேஜர். இல்லேன்னா கதவுக்குப் பூட்டு. நீயும் வீட்ல, நானும் வீட்ல.”

“பூட்டுக்கு வேலையே வராது முதலாளி.”

பதினோரு வருடமாக மேனேஜரின் கண்ணாடி அறையை வெளியிலிருந்தே பார்த்தவர் அவர். நாளை உள்ளிருந்து வெளியே பார்க்கலாம்.

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்று வந்து நின்றான் வக்கீல்.

“சொல்லாம விடவா போற?”

“எங்க ரத்தத்துல ஈயம் எவ்வளவு ஏறியிருக்குன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்னு விதி. எங்க பன்னிரண்டு பேர் ரத்தமும் சோதனைக்குப் போயிருச்சுன்னு சொல்றாங்க. ஆனா, ஒருத்தனுக்கும் ஊசி குத்தலையே?”

“உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்.”

“அப்போ போனது யார் ரத்தம்?”

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். பெருமையை அடக்க முடியவில்லை.

“சுத்தமான ரத்தம்யா. இந்த கேட் பக்கமே வராத ஆளோடது. ஒரே கை, பன்னிரண்டு குப்பி. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீட்டுன்னேன், நீட்டியாச்சு.”

“இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளா?”

“அதுக்கெல்லாம் கொடுத்து வைக்கணும்யா.”

ஆய்வுக்கு வந்த அரசு டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. ஒரு சிலந்தி வெளியே வந்தது.

“தண்ணி எப்போ வரும்?”

“குளிக்கும்போது வரும் மேடம்” என்றார் முதலாளி.

டாக்டரம்மா சோப்பைப் பார்த்தார். பிறகு அலுவலக அறைக்கு வந்து உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த சோதனை அறிக்கையைப் பிரித்தார். பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக அவருக்குப் போயிருந்தது. முடிவு என்னவென்று தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

“பன்னிரண்டு பேர் ரத்தமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே?”

முதலாளி அசரவில்லை. “நாங்க எல்லாரும் ஒரே குடும்பமாப் பழகுறோம் மேடம். அதான்.”

“ஈயமும் ஒரே அளவுதான்.”

“சந்தோஷம் மேடம்.”

“பன்னிரண்டு பேருக்கும் வரம்பைத் தாண்டியிருக்கு.”

முதலாளி மெல்லத் தலையைத் திருப்பி சூப்பர்வைசரைப் பார்த்தார். கண்ணாடி அறையின் கதவு சாத்திக்கொள்வது சூப்பர்வைசருக்குத் தெரிந்தது.

“இருக்கவே இருக்காது மேடம். அங்க குப்பியை மாத்திட்டாங்க.”

“மூணு தடவை சோதிச்சாச்சு. எல்லாம் ஒரே ஆளோட ரத்தம்னு எனக்குத் தெரியும். திருட்டுத்தனத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். அந்தத் தொழிலாளியை இன்னைக்கே ஆஸ்பத்திரில சேர்க்கணும். எங்க அவரு?”

“தொழிலாளியே இல்ல மேடம்!”

மேசைக்கு அடியில் முதலாளி அவர் காலை மிதித்தார். சூப்பர்வைசருக்கு அது உறைக்கவில்லை.

“என் வீட்டுக்காரி மேடம்! வீட்டை விட்டா அவளுக்கு வேற போக்கிடம் கிடையாது. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. அவ உடம்புல எப்படி மேடம் ஈயம் ஏறும்?”

டாக்டரம்மா அறிக்கையை மூடினார். அவருடைய பார்வை, சூப்பர்வைசரின் காலரிலும் கைமடிப்பிலும் சாம்பலாகப் படிந்திருந்த தூசியில் நின்றது.

“இந்தச் சட்டையை வீட்ல யாரு துவைக்கிறாங்க?”